மொன்மார்த் குன்றின் சித்திரக்காரி

பாரிஸ் மாநகரில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியிலிருந்து மொன்மார்த் குன்று ஏறக்குறைய அரைமணி நேர நடை. ஓவியர் பலர் வறுமையில் வாழ்ந்து புகழ் நாட்டிய அக்குன்றை எனக்குக் காட்ட முன்வந்தவர் என் பழைய மாணாக்கர் ஒருவர். படிப்பை இடையில் விட்டுப் புலம்பெயர்ந்தவர். உணவுச்சாலை ஒன்றிலே தொழில் புரிபவர். அவ்விடத்துச் சந்துகளெல்லாம் அவருக்குப் பாடம். பிக்காசோ இருந்த வீட்டுக்கே முதலில் அழைத்துச் செல்வாரென எண்ணினேன். அவரோ குன்றின் அடிவாரத்தில், சூசான் வலடோன் என்னும் பெண்மணியின் பெயர் தாங்கிய சிறு சதுக்கத்திலே நின்று, இங்கிருந்தே தொடங்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வலடோன் அம்மையார் 1865ஆம் ஆண்டு, பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள பெசீன் என்னும் சிற்றூரில், துணி வெளுத்துப் பிழைத்த ஏழைப் பெண்ணொருத்திக்கு மகளாகப் பிறந்தார். தந்தை இன்னாரென ஊர் அறியாது. இயற்பெயர் மரி கிளெமன்டீன். தாயுடன் இக்குன்றில் வந்து குடியேறி, சிறு வயதிலேயே கூலிவேலைகள் பல செய்தார். பதினைந்து வயதளவில் சர்க்கஸிற் சேர்ந்தார். தொங்கூஞ்சலிலிருந்து வீழ்ந்தமையால் அதுவும் போயிற்று. பின்னர்க் கிடைத்ததே ஓவியர் முன்னிலையில் அசையாதிருந்து உருக்காட்டும் வேலை. றெனுவார் 1883இல் தீட்டிய புகழ்பெற்ற நடன ஓவியத்தில் ஆடும் பெண் இவரே. சூசான் என்ற பெயரும் லோத்றெக் என்னும் ஓவியர் சூட்டியது.

உடல் அசையாதிருந்ததேயன்றிக் கண்கள் ஓய்ந்திருக்கவில்லை. கோடு எங்கே தொடங்குகிறது, வர்ணம் எவ்வாறு குழைகிறது என்பவற்றையெல்லாம் அவை கவர்ந்துகொண்டன. கலைக்கூடம் எதிலும் அவர் மாணவியாகப் பயின்றதில்லை. நம் ஏகலைவன் ஆசிரியரின் உருவத்தை முன்வைத்துக் கற்றான். இவரோ ஆசிரியர்களுக்குத் தாமே உருவமாயிருந்து கற்றார்! டெகா என்னும் பேரோவியர் இவருடைய சித்திரங்களை விலைகொடுத்து வாங்கியதுடன், தகட்டிற் கோடிட்டு அச்சிடும் முறையையும் பழக்கினார். கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்கவில்லை. 1894இல் தேசியக் கலைச் சங்கத்தின் காட்சியிலே இவர்தம் சித்திரங்கள் இடம்பெற்றன.

படிகளில் நான் மூச்சிரைக்க ஏறி முடித்தபின், கோர்த்தோ வீதி 12ஆம் இலக்க வீட்டை அடைந்தோம். இன்று அது நூதனசாலை. முன்னொரு காலத்தில் றெனுவாரும் இருந்த வீடு அது. 1912 முதல் அம்மையார் அங்கே வாழ்ந்தார். உடனிருந்தவர்கள் அவரினும் இருபது வயதளவு இளைய கணவர் உத்தேரும், மகன் உத்றில்லோவும். பதினெட்டு வயதிற் பெற்ற அம்மகன் இளமையிலேயே குடிக்கு அடிமையானான். வைத்தியம் பயனற்றுப்போகவே, தாய் அவன் கையில் தூரிகையைக் கொடுத்தார். குடி நீங்கவில்லை, ஆனால் அக்குன்றின் வீதிகளைத் தீட்டி அவன் பெற்ற புகழ், தாயின் புகழையே நெடுங்காலம் மறைத்துவிட்டது. அது நியாயமன்று என்பதே என் துணிபு.

1923இல் அம்மையார் தீட்டிய நீல அறை என்னும் ஓவியத்தை அங்கே ஓர் அட்டையிற் கண்டேன். பருத்த உடலினளான ஒரு பெண் கோடிட்ட காற்சட்டை அணிந்து, வாயிற் சிகரெட்டுடன் கட்டிலிற் சாய்ந்திருக்கிறாள். அருகே இரண்டு புத்தகங்கள். பார்ப்பவர் மனத்தை மகிழ்விக்க அவள் படுத்திருக்கவில்லை. பிறர் தூரிகைக்காக ஆண்டுக்கணக்கில் உருக்காட்டிய ஒருவரன்றி வேறு யார் இதனைத் தீட்டியிருக்க முடியும்?

அம்மையார் 1938இல் மறைந்தார். அவர் உடல் நகர்ப்புறத்துச் சாந்துவான் மயானத்திலே கிடக்கிறது; 1955இல் மறைந்த மகனுக்கோ இக்குன்றிலேயே கல்லறை வாய்த்தது.

இவ்வளவையும் ஒரு நூலின் துணையுமின்றி மாணாக்கர் சொல்லிவந்தார். முன்பொரு நாள் இலக்கணக் கொப்பியின் ஓரத்தில் அவர் படம் வரைந்தமைக்காக அத்தாளை வகுப்பின் முன்னே நான் கிழித்தெறிந்ததுண்டு. மறந்தாரோ, மறந்தவர்போல இருந்தாரோ, அன்று அதுபற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. இப்பொழுதும் வரைவதுண்டோ என்று கேட்க எனக்கு நா எழவில்லை. மாலை வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவர் எனக்கு முன்னே படிகளில் விரைந்து இறங்கிக்கொண்டிருந்தார்.