ஜேம்ஸ் பாஸ்வெல்லும் ஜான்ஸன் அவையும்

அறியாதார் பலர் கூடிய அவையிற் புதிதாய்ப் புகுவான் ஒருவன் தன் முதற்சொல்லாலேயே அளக்கப்படுகின்றான். அவன் கற்ற கல்வியும், பிறந்த குடியும், உள்ளத்தமைந்த நற்குணமும் பின்னரே பிறர்க்குப் புலனாகும்; பேச்சோ அந்நொடியிலேயே புலனாகின்றது. கல்லூரியிற் சேர்ந்த முதல் மாதத்தில் யாதேனும் ஒரு சங்கத்தில் இடம்பெற விழைந்து, அதன் மூத்த உறுப்பினர் முன்னிலையில் நா வறண்டு நின்ற மாணவர் இவ்வுண்மையை நன்கறிவர். அச்சத்தால் வாய் திறவாது திரும்புவாரும் உளர். தம் பெருமையனைத்தையும் ஒரே மூச்சிற் கொட்டிவிட்டு, கேட்டோர் முகஞ்சுளித்தமை அறியாது மகிழ்ந்து செல்வாரும் உளர். இவ்விரு திறத்தாரும் அறியத்தக்க வரலாறொன்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். முதற் பேச்சிலேயே இடறி வீழ்ந்து, பின்னர்ப் பேச்சினாலேயே எழுந்து, தம் காலத்துப் பேரறிஞர் கழகத்தில் இடம்பெற்றவர் ஒருவர். ஆங்கில மொழியிலுள்ள வாழ்க்கை வரலாறுகளுள் தலைசிறந்ததெனப் பலரும் போற்றும் ஜான்ஸன் சரித்திரத்தை இயற்றிய ஜேம்ஸ் பாஸ்வெல் என்பார் அவர்.

பாஸ்வெல் 1740ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29ஆம் நாள் ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிற் பிறந்தார். அவர் தந்தையார் ஆக்கின்லெக் என்னும் ஊருக்குரிய பெருநிலக்கிழார், நீதிபதியாகவும் விளங்கியவர், சொற்சுருக்கமும் கண்டிப்பும் உடையவர். மகனும் சட்டம் பயின்று தம் வழி நிற்றல் வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனுடைய உள்ளமோ நாடக மேடையையும் நூலாசிரியரையும் லண்டன் மாநகரையும் நாடிற்று. களிப்பு மிக்க காலத்திற் குழந்தைபோல் துள்ளுவதும், அது நீங்கிய காலத்திற் காரணமின்றி மனஞ்சோர்ந்து கிடப்பதும் அவர் இயல்பு. பெரியோரைக் காணவேண்டும், அவர்தம் வாய்மொழி கேட்கவேண்டும், அவரால் விரும்பப்படவும் வேண்டும் என்னும் வேட்கை இளமை தொட்டே அவரைப் பற்றியிருந்தது. 1762ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்திரண்டு வயதினராய், அவர் லண்டன் வந்து தங்கினார்.

அந்நாளில் அந்நகரத்து அறிஞருள் முதல்வராய் வீற்றிருந்தவர் ஸாமுவேல் ஜான்ஸன். 1755ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பேரகராதி அவர் புகழை நாடெங்கும் நாட்டியது. எழுத்தினும் பேச்சே அவருக்குப் பெரும் படைக்கலம். தம்மோடு வாதிட முற்படுவாரை ஒரே சொல்லில் வீழ்த்துவார். ஸ்காத்லாந்து நாட்டாரை எள்ளி நகையாடுவதில் அவருக்குத் தனி இன்பம். இத்தகையாரைக் காணவேண்டித் தவங்கிடந்தார் அந்நாட்டு இளைஞராகிய பாஸ்வெல்.

முன்னாளில் நடிகராயிருந்து பின்னாளிற் புத்தக வாணிகரான தாமஸ் டேவீஸ் என்பாரது கடை கவெண்ட் கார்டன் அருகே ரஸ்ஸல் தெருவில் இருந்தது. 1763ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், அக்கடையின் பின்னறையிற் பாஸ்வெல் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபொழுது, ஜான்ஸன் எதிர்பாராது உள்ளே வந்தார். பாஸ்வெல்லுக்கு நெஞ்சு படபடத்தது. தம் நாடு இன்னதென்று சொல்லவேண்டாவெனக் கடைக்காரரிடம் மெல்ல வேண்டிக்கொண்டார். குறும்பராகிய டேவீஸ் அதனையே உரக்கச் சொல்லி அறிமுகஞ் செய்துவைத்தார். கலங்கிய பாஸ்வெல், தாம் அந்நாட்டினரென்பது மெய்யே, எனினும் அது தம்மால் தவிர்க்கக் கூடியதன்று எனக் குழைந்து கூறினார். பிறப்பைக் கருதிச் சொன்ன அச்சொல்லை, அந்நாட்டைவிட்டு ஓடிவந்த செயலைக் குறித்ததாக வேண்டுமென்றே திரித்துக்கொண்டு, அவர் நாட்டார் மிகப் பலர்க்கும் அது தவிர்க்கவொண்ணாததே என்னுங் கருத்துப்பட ஜான்ஸன் ஓர் அடி கொடுத்தார்.

அவ்வடியோடு நிற்கவில்லை. கண்பார்வை இழந்த வில்லியம்ஸ் அம்மையாருக்கு நாடக அனுமதிச் சீட்டொன்று தர நடிகர் டேவிட் காரிக் மறுத்துவிட்டாரென ஜான்ஸன் குறைகூறிக்கொண்டிருந்தார். எப்படியேனும் பேச்சிற் கலந்துகொள்ளத் துடித்த பாஸ்வெல், காரிக் அத்துணைச் சிறிய உதவியை மறுத்திருப்பாரெனத் தமக்குத் தோன்றவில்லை என்றார். காரிக் ஜான்ஸனிடம் பயின்ற மாணாக்கர். அவரொடு நெடுநாள் பழகியவர். அவரைக் குறைகூறும் உரிமை தமக்கே உரியதென எண்ணியிருந்த ஜான்ஸன், இன்று வந்த இளைஞர் அதனுள் தலையிடுவதைப் பொறாராய்க் கடிந்தார். உரிமையில்லாத இடத்திற் கருத்துரைப்பது புதியவர் செய்யும் பிழைகளுட் பெரியது. அதற்குரிய தண்டனையைப் பாஸ்வெல் அன்றே பெற்றார்.

வேறொருவராயின் அக்கணமே எழுந்து போயிருப்பார். அன்றேல் வெகுண்டு மறுமொழி கூறியிருப்பார். பாஸ்வெல் இரண்டும் செய்திலர். அமர்ந்திருந்து கேட்டார், இடம் நேர்ந்தபொழுது சிறிது பேசினார், அப்பேச்சை ஜான்ஸன் நாகரிகமாகவே ஏற்றுக்கொண்டார். பிரியும்பொழுது வருந்தி நின்ற அவரை நோக்கி, ஜான்ஸனுக்கு அவர்பால் விருப்பம் உண்டாகிவிட்டதெனக் கூறித் தேற்றினார் டேவீஸ். எட்டு நாட் கழித்து, மே 24ஆம் நாள், பாஸ்வெல் துணிந்து ஜான்ஸன் இருப்பிடத்திற்கே சென்றார். அங்கே கண்டது, நிறம் மங்கிய பழுப்பு உடையும், தலைக்குச் சிறிதான பொய்ம்மயிரும், பூட்டப்படாத காலணியுமாய் அமர்ந்திருந்த ஓர் ஏழைப் புலவர் கோலம். உடனிருந்தார் எழுந்தபொழுது தாமும் எழுந்த பாஸ்வெல்லை இருக்குமாறு பணித்தார் ஜான்ஸன். தம் வருகை இடையூறாகுமோ என அஞ்சுவதாகப் பாஸ்வெல் உள்ளதை உள்ளவாறே கூறினார். தம்மைக் காண வருவாரிடம் தாம் நன்றியுடையவரே என்றார் அம்முதியவர். தனிமைக்கு அஞ்சி, நள்ளிரவு வரை பேச்சுத்துணை தேடும் மனத்தினர் அவர் என்பதை இளைஞர் அன்றே உணர்ந்துகொண்டார் போலும்.

அதன்பின் அவ்விருவர் நட்பு விரைந்து வளர்ந்தது. மைட்டர் என்னும் உணவு விடுதியில் நள்ளிரவு கடந்தும் இருந்து உரையாடினர். பாஸ்வெல் தம் கல்வியைக் காட்டி வியப்பூட்ட முயலவில்லை. தந்தையோடு தமக்குள்ள பிணக்கையும், சமயத்தில் தமக்கு நேர்ந்த ஐயங்களையும் ஒளியாது சொல்லி அறிவுரை வேண்டினார். தம்மினும் முப்பத்தோராண்டு இளையவர் ஒருவர் தம்மைத் தந்தைபோல் நம்பியமை, மகப்பேறற்ற ஜான்ஸன் உள்ளத்தை உருக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திற் சட்டம் பயில்வதற்காகப் பாஸ்வெல் ஹாலந்துக்குப் புறப்பட்டபொழுது, ஹார்விச் துறைமுகம்வரை உடன்சென்று வழியனுப்பினார் அப்பேரறிஞர். கடையிற் கடிந்த நாளுக்கும் கரையிற் பிரிந்த நாளுக்கும் இடையே மூன்று மாதமும் நிறையவில்லை.

ஐரோப்பாவிற் பயணஞ்செய்த காலத்திலும் அவ்வேட்கை அவரை விடவில்லை. 1764ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், எவரையும் எளிதிற் காண இசையாத ரூஸோவைக் காண விரும்பி, தம்மைத் தாமே அறிமுகஞ் செய்துகொள்ளும் கடிதமொன்றை எழுதியனுப்பி இசைவு பெற்றார். அம்மாதத்திலேயே வால்டேரையும் கண்டு உரையாடினார். மறு ஆண்டு கார்ஸிகாத் தீவிற்குச் சென்று, அத்தீவின் விடுதலைக்குப் போராடிய பவோலியின் நட்பைப் பெற்றார். கேட்டவற்றையெல்லாம் அவர் உடனுக்குடன் குறித்துக்கொண்டமையால், அவரை ஒற்றரோவெனப் பவோலி முதலில் ஐயுற்றார். 1768ஆம் ஆண்டில் வெளிவந்த கார்ஸிகா நூல் பாஸ்வெல்லுக்குப் பெரும்புகழ் அளித்தது. பெரியோர் அவையில் நிற்பதற்குச் சொல்வன்மை மட்டும் போதாது, சொல்லுதற்குரிய பொருளும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இனி, ஜான்ஸன் கழகத்தைப் பற்றிக் கூறுவோம். 1764ஆம் ஆண்டில் ஓவியர் ஸர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்பாரது எண்ணத்தால் அஃது எழுந்தது. ஜான்ஸன், எட்மண்டு பர்க், ஆலிவர் கோல்ட்ஸ்மித் முதலிய ஒன்பதின்மர் முதல் உறுப்பினர். ஸோஹோவில் டர்க்ஸ் ஹெட் என்னும் விடுதியில் வாரந்தோறும் ஒரு மாலை கூடி, உண்டு உரையாடுவதே அதன் தொழில். புதியவர் ஒருவரைச் சேர்ப்பது இரகசிய வாக்கினால். ஒருவர் மறுப்பினும் கதவு அடைபட்டுவிடும். நாடு போற்றும் நடிகராகிய காரிக், கழகம் எழுந்த செய்தி கேட்ட அளவிலே, தாமும் அதிற் சேர்வதாக ரெனால்ட்ஸிடம் எளிதாய்ச் சொல்லிவிட்டார். தம் இசைவைப் பெறுமுன்னரே இடத்தைத் தமதாகக் கருதிய அச்செருக்கு ஜான்ஸனுக்குப் பிடிக்கவில்லை. காரிக் உறுப்பினரானது 1773ஆம் ஆண்டில்தான். ஒரு சொல்லின் விலை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்.

அதே 1773ஆம் ஆண்டில் ஜான்ஸன் பாஸ்வெல்லின் பெயரை முன்மொழிந்தார். ஏப்ரல் 30ஆம் நாள் மாலை, போக்ளர்க் என்னும் உறுப்பினர் இல்லத்தில் விருந்துண்ட பின், ஏனையோர் வாக்களிக்கச் சென்றுவிட்டனர். பாஸ்வெல் அவ்வீட்டுத் தலைவியாரோடு தனித்திருந்தார். அவ்வம்மையாரது இனிய உரையாடலும் அவர் கவலையை மாற்றவில்லை. சற்று நேரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வந்தது, விரைந்தோடினார். ஜான்ஸன் ஒரு நாற்காலியின் பின்னே, பிரசங்க மேடையில் நிற்பார்போல் நின்று, நல்லுறுப்பினர் ஒழுகவேண்டிய முறையை விளையாட்டுக் கலந்த பெருமிதத்தோடு அவர்க்கு எடுத்துரைத்தார். பின்னாளிற் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸும் அன்றிரவு அவ்வவையில் இருந்தார்.

அத்தேர்தலின் உட்செய்தி, அவ்வாண்டே இருவரும் ஸ்காத்லாந்தின் மேற்றீவுகளிற் பயணஞ்செய்தபொழுது வெளிப்பட்டது. உறுப்பினர் சிலர் அவரைச் சேர்க்க விரும்பவில்லை. பர்க்கே அவர் தகுதியை ஐயுற்றாராம். ஆனால் அவர் உள்ளே வந்தபின் வருந்தியவர் ஒருவருமிலர். அவரது இன்முகம் பயிற்சியாற் பெற்ற நற்குணமாகாது, பிறவியிலேயே அமைந்துவிட்டதென்று பர்க் வியந்தாராம். அறிவாற் பெறவியலாத வாக்கினை இன்முகம் பெற்றுத் தந்தது.

பிறரைப் பேசவைக்கும் அவர் திறத்திற்கு 1776ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நடந்த விருந்து சான்றாகும். அரசியலில் ஜான்ஸனுக்கு முழுப்பகைவர் ஜான் வில்க்ஸ். அவ்விருவரையும் டில்லி என்னும் புத்தக வாணிகர் வீட்டில் ஒருங்கே அமர்த்தப் பாஸ்வெல் எண்ணினார். நேரே கேட்டால் மறுப்பாரென்றறிந்து, ஜான்ஸனுக்கு ஒவ்வாத விருந்தினரும் அங்கு வரக்கூடுமோ என ஐயுறுவார்போல் வினவினார். நண்பர் வீட்டிற்கு யார் வரவேண்டுமெனத் தாம் கட்டளையிடுவதோ என்று வெகுண்டு, ஜான்ஸன் தாமே உடன்பட்டுவிட்டார். விருந்தில் வில்க்ஸ் அருகமர்ந்து, நல்ல இறைச்சித் துண்டங்களைத் தேர்ந்து தேர்ந்து பரிமாறினார். முதியவர் முகம் மெல்ல மலர்ந்தது. முடிவில் பகைவர் இருவரும் ஒன்றுபட்டு நகையாடியது பாஸ்வெல்லின் நாட்டாரையே! அந்நகைக்குத் தாமே இலக்கானமை குறித்து அவர் மகிழ்ந்தாரேயன்றி வருந்தவில்லை.

குறையில்லாதவரோ எனின், அல்லர். ஓயாது வினாவி ஜான்ஸன் சினத்திற்குப் பன்முறை ஆளானார். 1778ஆம் ஆண்டில் பலர் முன் கடியப்பட்டு, ஒரு வாரம் முகங்காட்டாதிருந்து, பின்னர் இணங்கினார். மதுவை அவரால் வெல்லவியலவில்லை. அடிமை வாணிகத்தை ஒழிக்கும் முயற்சியை எதிர்த்து 1791ஆம் ஆண்டிற் செய்யுளொன்று வெளியிட்டார். அடிமைத்தனத்தை வெறுத்த ஆசிரியரிடம் அவ்வொன்றை அவர் கற்கவேயில்லை. இனிய பேச்சு இதயத்தின் கதவைத் திறக்குமேயன்றி, இதயத்தைத் தானே தூய்மையாக்காது.

ஜான்ஸன் 1784ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் மறைந்தார். இருபத்தோராண்டுகளாகக் கேட்டவற்றை நாட்குறிப்புகளிற் சேர்த்து வைத்திருந்த பாஸ்வெல், மனைவியின் மறைவுக்கும் மனச்சோர்வுக்கும் இடையே உழைத்து, அவர்கள் முதன்முதற் கண்ட அதே மே 16ஆம் நாளில், 1791ஆம் ஆண்டிற் பெருநூலை வெளியிட்டார். தாம் விருந்துமேசையிற் சொன்ன சொற்கள் அச்சேறியது கண்டு மனம் நொந்தாரும் பலர். 1795ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். பேதையொருவர் தற்செயலாய்ப் பெருநூல் செய்தாரென மெக்காலே 1831ஆம் ஆண்டில் எழுதியது நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1920ஆம் ஆண்டுகளில் அயர்லாந்தின் மாலஹைடு மாளிகையில் அவர் கைப்படிகள் வெளிப்பட்ட பின்னரே, அவர் எத்துணை உழைத்து எழுதினாரென உலகம் அறிந்தது.

தாம் விரும்பப்படவேண்டும் என்னும் ஆசையோடு பாஸ்வெல் அவை புகுந்தார். அவ்வாசை மட்டுமே அவரிடம் இருந்திருப்பின், டேவீஸ் கடையின் வாயிலோடு அவர் கதை முடிந்திருக்கும். பிறர் சொல்லைத் தம் சொல்லினும் மேலாக மதித்தார். கடிந்த சொல்லைப் பகையாக வளர்க்காது விடுத்தார். கேட்டதை மறவாது போற்றினார். புதிய முகங்களின் நடுவே அஞ்சி நிற்கும் எம் தோழர், என்ன சொல்லி இவரை மகிழ்விப்போம் என்று வருந்துவதை விடுத்து, இவரிடம் என்ன கேட்டு அறிவோம் என்று எண்ணுவாராயின், பாதி அச்சம் அப்பொழுதே நீங்கும் என்பது எமது துணிபு.