ஐந்து பேரைக் கூட்டிப் போன கினுவே



சாதித்த ஒரு பெண்ணைப் பற்றி மலருக்கு எழுதித் தரச் சொன்னதும், எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஜப்பான் நாட்டு கினுவே ஹிடோமி. ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று எதையும் விட்டுவைக்காதவர்.

1907 ஜனவரி 1 அன்று ஒகயாமாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் முதலில் ஆடியது டென்னிஸ். பிறகு தாண்டுதலில் இறங்கினார். 1924-ல் டோக்கியோ போய் உடற்பயிற்சிக் கல்வி படித்தார். 1926-ல் ஒசாகாவில் மைனிச்சி செய்தித்தாளில் நிருபர் வேலை கிடைத்தது. வேலையும் பார்த்தார், பயிற்சியையும் விடவில்லை.

அதே வருஷம் சுவீடனில் கோதன்பர்க் நகரில் பெண்களுக்கான உலகப் போட்டி நடந்தது. ஜப்பானில் இருந்து போனது இவர் ஒருத்தர்தான். சைபீரியா வழியாக நாள்கணக்கில் ரயில் பயணம். அங்கே நீளம் தாண்டுதலில் முதலிடம், நின்ற இடத்தில் இருந்து தாண்டுவதிலும் முதலிடம், வட்டு எறிதலில் இரண்டாம் இடம்.

ஒலிம்பிக்கில் பெண்களை ஓட விட்டதே 1928-ல் ஆம்ஸ்டர்டாமில்தான். கினுவே நம்பிப் போனது 100 மீட்டர் ஓட்டம். அதில் அரையிறுதியோடு வெளியேறிவிட்டார். வெறுங்கையோடு எப்படி ஊர் திரும்புவது? அதுவரை போட்டியில் ஓடியே பார்க்காத 800 மீட்டரில் இறங்கினார். ஆகஸ்ட் 2 அன்று இறுதி ஓட்டம். ஜெர்மனியின் லீனா ராட்கே முதலாவதாக வர, ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் கினுவே இரண்டாவது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் ஜப்பானியப் பெண் இவர்தான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாது. ஓடிய 9 பேரும் எல்லைக் கோட்டைத் தொட்டார்கள். ஆனால் பாதிப் பேர் மயங்கி விழுந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பெண்கள் உடம்பு இதைத் தாங்காது என்று முடிவு கட்டி, 800 மீட்டரையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-ல். 32 வருஷம் போச்சு! ஆம்பளை ஓடிக் களைத்தால் உழைப்பு, பொம்பளை களைத்தால் பலவீனம். இந்தக் கணக்கு நமக்கும் புதுசு இல்லையே.

ஊரிலும் அவருக்குப் பேச்சு குறையவில்லை. கால் தெரிய ஓடுகிறாள், ஆம்பளை மாதிரி இருக்கிறாள் என்றார்கள். அவர் நிற்கவில்லை. 1930-ல் பிராகாவில் அடுத்த உலகப் போட்டி. இந்த முறை தனியாகப் போகக் கூடாது, இளம் பெண்களையும் அழைத்துப் போக வேண்டும் என்று நினைத்தார். பணம்? ஊர் ஊராகப் பேசி, பள்ளி மாணவிகளிடம் சிறு சிறு காசாகத் திரட்டினார். நாம் வாரச் சேமிப்பு போடுகிற மாதிரிதான். அந்தக் காசில் இன்னும் ஐந்து பெண்கள் கப்பலும் ரயிலும் ஏறினார்கள். பிராகாவில் நீளம் தாண்டுதலில் கினுவேவுக்குத் தங்கம். வேறு பதக்கங்களும் வந்தன.

திரும்பி வந்தவர் ஓய்வெடுக்கவில்லை. காசு கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமே என்று அலைந்தார். வேலையும் விடவில்லை. உடம்பு விட்டுவிட்டது. நிமோனியா கண்டு 1931-ல் இறந்தார். அதுவும் ஆகஸ்ட் 2, பதக்கம் வென்ற அதே தேதி. வயசு 24.

தடகளத்தில் ஜப்பான் பெண் ஒருவர் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் வாங்க 64 வருஷம் ஆனது. 1992-ல் மாரத்தானில் வாங்கிய யூகோ அரிமோரியும் அதே ஒகயாமாக்காரர்தான்.

கூட்டிப் போன மனசையும், வாங்கிய காசுக்குப் பதில் சொன்ன நேர்மையையும் அவரிடம் கத்துக்குவோம். உடம்பைக் கவனிக்காமல் விட்டதை மட்டும் கத்துக்க வேண்டாம். கடன் தவணைக்குத் தேதி வைக்கிற நாம், நம் உடம்பைப் பரிசோதிக்கவும் ஒரு தேதி வைப்போம். வயசுக்கு வந்துவிட்டாள் என்று மகளை மைதானத்தில் இருந்து கூப்பிடும் முன்னால், கினுவேயை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்.