பட்டத்தைத் திருப்பிக் கொடுத்த மதுரைக்காரர்



இங்கிலாந்தில் ஒருவருக்கு வீரப்பட்டம் கொடுக்கும் விழாவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பட்டம் வாங்குபவர் ஒரு காலை மடக்கி மண்டியிடுவார். மன்னர் வாளை எடுத்து அவர் தோள்களில் மெல்லத் தொடுவார். அதன் பிறகு அவர் பெயருக்கு முன்னால் சர் என்று போட்டுத்தான் கூப்பிட வேண்டும். விக்டோரியா மகாராணி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அதனால் இங்கே அவர் பெயரால் வைஸ்ராயும் கவர்னரும் பட்டம் வழங்கினார்கள். இந்தியாவுக்கென்று 1878-ல் ஒரு பட்ட வரிசை தொடங்கினார்கள். அதில் உயர்ந்த படிகளில் ஒன்று கே.சி.ஐ.இ. அந்தப் பட்டத்தை 1900-ஆம் ஆண்டு வாங்கிய ஒருவர் நம்ம மதுரைக்காரர். அவர்தான் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர்.

1842 அக்டோபர் 1-ல் மதுரையில் பிறந்தார். அப்போது நம்ம போடியும் மதுரை மாவட்டம்தான். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தவர். படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே சட்டத் தேர்வு எழுதினார். 1869-ல் மதுரையில் வக்கீல் ஆனார். 1885-ல் பம்பாயில் 72 பேர் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் அவரும் ஒருவர். 1895-ல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி. மூன்று முறை தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். இவ்வளவு உயரம் போனவருக்குக் கிடைத்த மகுடம்தான் சர் பட்டம்.

பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சும்மா உட்காரவில்லை. 1916-ல் அன்னிபெசன்ட் அம்மையார் சுயாட்சி கேட்டு ஹோம் ரூல் இயக்கம் தொடங்கியபோது, அதன் கௌரவத் தலைவரானார். 1917 ஜூனில் அம்மையாரை அரசு ஊட்டியில் காவலில் வைத்தது. உடனே ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்திய மக்கள் படும் பாட்டைச் சொல்லி, சுயாட்சி கிடைக்க உதவி கேட்டார். விஷயம் வெளியே தெரிந்ததும் லண்டனில் பெரிய ரகளை. இந்தியா மந்திரி மாண்டேகு பாராளுமன்றத்திலேயே கண்டித்தார்.

அப்போது ஐயருக்கு வயது 75. மன்னிப்புக் கேட்டிருந்தால் பட்டத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் 1918-ல் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டார். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு தாகூர் பட்டத்தைத் துறந்தது 1919-ல். நம்ம ஊர்ப் பெரியவர் அதற்கு ஒரு வருஷம் முந்தி!

இதைப் படித்தபோது எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மா விடியுமுன்னே ஜீப்புல போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க. இரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தோட்டத்துல அம்மாவைக் கங்காணி ஆக்கினாங்க. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். கூலியும் கூட. ஆனா மழையில ஜீப் லேட்டா வந்தாலும் பொம்பளைகளுக்கு அரை நாள்தான் எழுதணும்னு சொல்லிட்டாங்க. அம்மா நாலாவது நாளே நோட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு, மறுபடி கூடையை எடுத்துக்கிட்டுக் காய் எடுக்கப் போயிட்டாங்க. அன்னைக்கு நான் அம்மாகிட்ட கோவிச்சுக்கிட்டு சாப்பிடவே இல்லை. எனக்கு டியூஷன் பீஸ் கட்ட முடியாமப் போச்சேன்னு வருத்தம்.

இப்போது புரிகிறது. பட்டம் வாங்க மண்டியிட்டால் போதும். அதைத் திருப்பிக் கொடுக்க எழுந்து நிற்க வேண்டும்.

சுப்பிரமணிய ஐயர் 1924 டிசம்பர் 5-ல் காலமானார். சர் என்று போடாமலேயே அவர் பெரியவர்தான். எங்க அம்மாவும்தான். அம்மா, அன்னைக்குக் கோபப்பட்டதுக்கு மன்னிச்சிடுங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி