துறைமுகத்தாரின் அப்புக்காத்து: ஏர்னஸ்ற் பெவின்

ஈஸ்ற் ஹாம், கனிங் ரவுன் பக்கம் இருக்கிற எங்கட சனத்துக்கு றோயல் டொக்ஸ் தெரியாமல் இராது. இப்போது விமானம் இறங்கும் அந்த இடத்துக்கு 1981 வரை கப்பல் வந்தது. அங்கு பாரம் சுமந்தவர்களை ஒரே சங்கத்துக்குள் சேர்க்கப் பாடுபட்டவர்தான் ஏர்னஸ்ற் பெவின்.

1881 இல் சமசெற் கிராமமொன்றில் பிறந்தார். தகப்பன் யாரென்று தெரியாது. எட்டு வயதில் தாயும் போய்விட்டா. பதினொரு வயதோடு படிப்பு முடிந்தது. பிறிஸ்ரலில் குதிரை வண்டியில் சோடா விற்றுத் திரிந்தவர், 1910 இல் வண்டிக்காரரைத் திரட்டித் துறைமுகச் சங்கத்தில் ஒரு கிளை அமைத்தார்.

அந்நாளில் துறைமுக வேலை நாட்கூலிதான். காலையில் வாசலில் முண்டியடித்து நிற்கவேண்டும். மேற்பார்வையாளன் கைகாட்டினால் வேலை; இல்லையென்றால் வெறுங்கையோடு வீடு. 1920 இல் கூலி பற்றி விசாரணை நடந்தது. இவ்வளவு காசில் ஒரு குடும்பம் சாப்பிடலாம் என்று முதலாளிமார் பக்கத்துப் பேராசிரியர் கணக்குக் காட்டினார். பெவின் என்ன செய்தார்? கனிங் ரவுன் சந்தையில் அந்தக் கணக்குப்படியே சாமான் வாங்கிச் சமைத்து, தட்டுகளில் போட்டு விசாரணை மன்றத்தில் வைத்தார். மூட்டை தூக்குகிற மனிசனுக்கு அது காணுமா? நாளுக்கு 16 சிலிங் கிடைத்தது. சட்டம் படிக்காதவருக்கு அப்புக்காத்து என்ற பட்டப்பெயரும் வந்தது.

1922 இல் 14 சங்கங்களை இணைத்துப் பெருஞ்சங்கம் ஒன்றை உருவாக்கினார். கப்பலுக்குள் சரக்கு அடுக்கும் லண்டன் தொழிலாளர் மட்டும் சேரவில்லை. அடுத்த வருடமே சங்கம் கூலிக்குறைப்புக்கு ஒத்துக்கொள்ள, ஆத்திரப்பட்டவர்கள் தலைமையைக் கேளாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். படகுக்காரரும் பிரிந்துபோய் அவர்களோடு சேர, போட்டிச் சங்கம் பிறந்தது. அங்கத்துவ அட்டையின் நிறத்தை வைத்துப் பெவினின் ஆட்களை வெள்ளை என்றும் மற்றவர்களை நீலம் என்றும் சொல்வார்கள்.

பெவின் பக்கம் நியாயம் இருந்தது. பிரிந்து நின்றால் முதலாளி ஒருவனைக் காட்டி மற்றவனை மடக்குவான். ஆனால் சங்கம் பெருக்கப் பெருக்க, கீழே இருக்கிறவனின் கதை மேலே எடுபடவில்லை.

1940 இல் தொழில் அமைச்சரானார். வேலையில்லாத நாளிலும் வந்து பதிந்தவருக்குக் காசு என்ற ஒழுங்கு யுத்த காலத்தில் வந்தது. 1947 இல் நிரந்தரமானது. வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் கட்டளையையும் 1940 இல் அவரே போட்டார்.

பிறகு வெளிநாட்டமைச்சராகவும் இருந்து, 1951 ஏப்ரல் 14 இல் காலமானார். நாங்கள் சித்திரை கொண்டாடுகிற திகதி. அந்தக் கிழமை, அவர் போட்ட அதே கட்டளையின் கீழ், ஏழு துறைமுகத் தொழிலாளர் கோட்டில் நின்றார்கள். நாலு நாள் கழித்து விடுதலையானார்கள்.

1954 இல் ஹல், லிவர்பூல், மான்செஸ்ரர் துறைமுகங்களில் ஆயிரக்கணக்கானோர் வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறினார்கள். இரண்டு சங்கமும் ஒன்றானது 1982 இல்தான். றோயல் டொக்ஸ் மூடி ஒரு வருடமாகியிருந்தது.