லியோ ஃபெண்டர்

லியோ ஃபெண்டர் (ஆகஸ்ட் 10, 1909 – மார்ச் 21, 1991) ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த இசைக்கருவி வடிவமைப்பாளரும் தொழில் முனைவரும் ஆவார். இவரது முழுப்பெயர் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய மின்கித்தார்களால் இவர் பெயர் உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. எனினும் இவர் உருவாக்கியவற்றுள் இசைக்குழுக்களின் அமைப்பையே மாற்றியது 1951-ல் வெளிவந்த மின் பேஸ் கித்தார் எனலாம். அக்கருவியில் எழும் மின் இரைச்சலை ஒழிக்க இவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முயன்றார். ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல தீர்வுகளை வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் இவர் வெளியிட்டார். அவற்றுள் பிற்காலத்தியவை இவருடைய சொந்தப் பெயரைத் தாங்கி வர இயலாமற் போனது இவர் வாழ்வின் முரண்களில் ஒன்று. கித்தார் வடிவமைப்பாளராகப் புகழ்பெற்ற இவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது.

இளமை

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன், அனகைம் நகரங்களை ஒட்டிய பகுதியில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் ஏற்பட்ட கட்டி ஒன்றினால் இடது கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டார். இதனால் பின்னர் இரண்டாம் உலகப் போரில் படைச்சேவையிலிருந்து விலக்குப் பெற்றார். சிறுவயதில் பியானோவும் சாக்சபோனும் பயின்றாலும் மனம் மின்சாதனங்களிலேயே நின்றது. வாகன மின்பழுது பார்க்கும் கடை வைத்திருந்த மாமன் ஒருவர் அனுப்பிய பழைய வானொலி உதிரிப்பாகங்களே அவ்வார்வத்தின் தொடக்கம். கல்லூரியில் படித்ததோ கணக்குப் பதிவியல். மின்னியலில் முறையான கல்வி பெற்றதே இல்லை.

1934-ல் எஸ்தர் குளோஸ்கியை மணந்தார். கணக்கராகப் பணிபுரிந்துவந்த இவர் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையை இழந்தார். 1938-ல் 600 டாலர் கடன் பெற்று ஃபுல்லர்டனில் வானொலி பழுதுபார்க்கும் கடையைத் திறந்தார். தொலைபேசி நிறுவனத்தில் எஸ்தர் ஈட்டிய ஊதியம் அக்காலத்தில் குடும்பத்தைத் தாங்கியது.

கடைக்கு இசைக்கலைஞர்கள் பலர் ஒலிபெருக்கிகளைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தனர். எவை அடிக்கடி உடைகின்றன, எவற்றைத் திறந்து சரிசெய்வது கடினம் என்பவற்றை இவர் இங்கேதான் கற்றார். பின்னாளில் இவர் வடிவமைத்த கித்தார்களில் கழுத்துப்பகுதி பசையால் ஒட்டப்படாமல் திருகாணிகளால் இணைக்கப்பட்டதற்கு இப்பழுதுபார்ப்பு அனுபவமே அடிப்படை. டாக் காஃப்மன் என்பவருடன் சேர்ந்து தொடங்கிய கே அண்ட் எஃப் நிறுவனம் 1946-ல் முடிவுக்கு வந்தபின், தனியே ஃபெண்டர் நிறுவனத்தை அமைத்தார். 1948-ல் ஜார்ஜ் ஃபுல்லர்டன் இவருடன் இணைந்தார்.

மின் பேஸ் கித்தார்

அதுவரை இசைக்குழுக்களில் தாழ்ந்த சுருதியை அளித்துவந்தது, ஆளுயரத்திற்கு நிற்கும் டபுள் பேஸ். அதைத் தூக்கிச் செல்வது கடினம். பித்தளைக் கருவிகளுக்கும் முரசுகளுக்கும் நடுவே அதன் ஒலி அமுங்கியும் போகும். மின்கித்தாரைப் போல் தோளில் மாட்டி வாசிக்கத்தக்க பேஸ் ஒன்றை லியோ 1951-ன் இறுதியில் வெளியிட்டார். வீணையில் உள்ளதைப் போன்று இதன் கழுத்திலும் மெட்டுகள் இருந்தமையால், விரல் சற்றுப் பிசகினாலும் சுரம் பிசகாது. இத்துல்லியத்தைக் குறித்தே பிரிசிஷன் பேஸ் என்று பெயரிடப்பட்டது. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலமாக அமைக்கப்பட்டது. பேஸ் கித்தார்களில் இன்றும் மிகப் பரவலாகப் பின்பற்றப்படுவது இந்த அளவே.

மின் பேஸ் கித்தாரை முதலில் கண்டுபிடித்தவர் லியோ என்று பல இடங்களில் எழுதப்பட்டிருப்பது சரியன்று. சியாட்டில் நகரின் பால் டட்மார்க் 1930களிலேயே மெட்டுகள் கொண்ட மின் பேஸ் ஒன்றைச் செய்து ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் விற்றுள்ளார். ஆனால் அது பரவவில்லை. தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத்தக்கதாகவும் அதற்குரிய ஒலிபெருக்கியோடு கிடைப்பதாகவும் பேஸ் கித்தாரை ஆக்கியதே லியோவின் பங்களிப்பு.

ரீங்காரமும் அதற்கான தீர்வுகளும்

கித்தாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் முறை சுற்றப்பட்ட ஓர் அமைப்பு. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுபட்டுக் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. சிக்கல் என்னவெனில், அறையிலுள்ள மின்மாற்றிகளும் மின்கம்பிகளும் எழுப்பும் காந்தப்புலத்தையும் அதே சுருள் ஏற்றுக்கொள்ளும். அதன் விளைவே ஓயாத ரீங்காரம். அமெரிக்காவில் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்சு. இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்சு என்பதால் நம் ஊர்களில் இது சற்றுத் தாழ்ந்த சுருதியில் கேட்கும். பேஸ் கித்தாரின் சுரங்களும் இதே எல்லையில் அமைவதால், ஒலிப்பான்களில் மணிக்குமிழைத் திருகி இதை வடிகட்டிவிட முடியாது.

இதற்கான தீர்வே ஹம்பக்கர். இதில் இரு சுருள்கள் இருக்கும். இரண்டாவது சுருள் முதலாவதற்கு எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருக்கும்; அதன் காந்தமும் தலைகீழாக இருக்கும். வெளியிலிருந்து வரும் ரீங்காரத்திற்குச் சுற்றும் திசை மட்டுமே பொருட்டு. எனவே அது இரு சுருள்களிலும் எதிரெதிராகத் தோன்றி அழிந்துவிடும். தந்தியின் ஒலிக்கோ சுற்றும் திசை, காந்த முனை ஆகிய இரண்டும் மாறியுள்ளன. இரு மறுப்புகள் ஓர் உடன்பாடாவதுபோல அது கூடிக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-ல் இதற்குக் காப்புரிமை கோரினார்.

முதல் பிரிசிஷன் பேசில் இருந்தது ஒற்றைச் சுருள். அது ரீங்கரித்தது. மேலும் ஒவ்வொரு தந்திக்கும் நேர்க்கீழே ஒரு காந்த முனை மட்டுமே இருந்ததால், தந்தியைத் தட்டும் கணத்தில் ஒலி வெடித்தெழுந்தது. 1957-ல் லியோ சுருளை இரண்டாகப் பிரித்தார். தாழ்ந்த இரு தந்திகளுக்கு ஒரு பாதி, உயர்ந்த இரு தந்திகளுக்கு மறு பாதி. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டுத் தொடரிணைப்பில் சேர்க்கப்பட்டன. இதுவும் ஹம்பக்கரே. ஆனால் வழக்கமான ஹம்பக்கரில் ஒவ்வொரு தந்தியையும் இரு சுருள்கள் கேட்கின்றன. இதிலோ ஒரு தந்தியை ஒரு சுருள் மட்டுமே கேட்கிறது. ஆகவே ஒற்றைச் சுருளின் தெளிவு கெடாமல் ரீங்காரம் மட்டும் நீங்கியது. ஒவ்வொரு தந்திக்கும் இருபுறமும் ஒவ்வொன்றாக இரு முனைகள் வைக்கப்பட்டதால் தட்டொலியும் மென்மையானது. மோடவுன் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இவ்வகைப் பேசைத்தான்.

1960-ல் வந்த ஜாஸ் பேசில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்கள் தனித்தனியே பொருத்தப்பட்டன. இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் அவை சேர்ந்து ஒரு ஹம்பக்கராகச் செயற்படும். ஒன்றைக் குறைத்தால் ரீங்காரம் திரும்பிவிடும். ஒலியில் கூடுதல் வகைகள் கிடைத்தமைக்குக் கொடுத்த விலை என்று இதைக் கருதலாம்.

மேற்பூச்சுகள்

ஃபெண்டர் கருவிகளின் நிறங்கள் வாகனத் தொழிலிலிருந்து வந்தவை. தொடக்கத்தில் ஆஷ் மரத்தின் ரேகைகள் தெரியும் வெளிர்மஞ்சள் பூச்சும், 1954 முதல் நடுவில் மஞ்சளாகத் தொடங்கி ஓரத்தில் கருமையாகும் சன்பர்ஸ்ட் பூச்சும் பூசப்பட்டன. 1950களின் பிற்பகுதியில், விலையில் 5 விழுக்காடு கூடுதலாகச் செலுத்தினால் டூபாண்ட் நிறுவனத்தின் கார் வண்ணங்களில் விரும்பியதைப் பெறலாம் என்ற நிலை வந்தது. ஃபியஸ்டா ரெட் என்பது ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் நிறம். லேக் பிளாசிட் புளூ கேடிலாக் காரின் நிறம்.

அக்காலத்து நைட்ரோசெல்லுலோசு மெருகெண்ணெய் கரைப்பான் ஆவியாவதால் உலர்வது, மெல்லியது. ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளித்து, குளிரில் நுண்வெடிப்பு விடும். வெள்ளை பாலேடு நிறமாகவும், வெளிர்நீலம் பச்சையாகவும் மாறிய பழைய கருவிகள் பல உண்டு. 1968 அளவில், லியோ வெளியேறிய பின்னர், வேதிவினையால் இறுகும் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு நிறுவனம் மாறியது. அது எளிதில் கீறல் விழாதது, பளபளப்பானது. ஆனால் பழைமை விரும்பிகளால் வெறுக்கப்படுவது.

மெல்லிய பூச்சில் மரம் மூச்சுவிடுகிறது, ஒலி மேம்படுகிறது என்ற நம்பிக்கை விற்பனையாளர்களிடையே வலுவாக உள்ளது. திண்ம உடல் கொண்ட மின் பேசில் பிக்கப் கேட்பது எஃகுத் தந்தியின் அசைவை. மரத்தையோ அதன்மேல் உள்ள வண்ணத்தையோ அன்று. உடலின் பூச்சு தந்தியின் அதிர்வை மாற்றும் அளவு மிகச் சிறிது. சுருள்களைத் தொடரிணைப்பிலிருந்து பக்க இணைப்புக்கு மாற்றினால் தூண்டம் நான்கில் ஒன்றாகிறது. அவ்வேறுபாட்டைப் பயிற்சியற்ற செவியும் உணரும்.

பூச்சு ஒலியை உண்மையிலேயே மாற்றிய இடமும் உண்டு. ஜாக்கோ பஸ்டோரியஸ் தமது 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேசின் மெட்டுகள் நீக்கப்பட்ட விரற்பலகையின்மேல், படகுகளுக்குப் பூசும் எப்பாக்சியைப் பூசினார். அங்கே தந்தி பூச்சின்மேல் நேரடியாக அழுந்துவதால் ஒலி பளிச்சிட்டு, பாடும் குரல்போல் நீண்டது. தந்தி தொடும் பூச்சுக்கும் தொடாத பூச்சுக்கும் உள்ள வேறுபாட்டை இது நன்கு காட்டுகிறது.

நிறுவன விற்பனை

1950களின் நடுப்பகுதியிலிருந்து லியோ ஸ்ட்ரெப்டோகாக்கசு தொற்றினால் துன்புற்றார். தம் வாழ்நாள் நீடிக்காது என நம்பி, 1965 சனவரியில் நிறுவனத்தை 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றார். சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் நோய் முற்றிலும் குணமானது. ஆனால் விற்றது விற்றதுதான். பத்து ஆண்டுகள் போட்டித் தொழிலில் ஈடுபடுவதில்லை என ஒப்பந்தம் தடுத்தது. ஃபெண்டர் என்ற வணிகப்பெயரும் கையைவிட்டுப் போயிற்று. 1967-ல் கிப்சனிலிருந்து சேத் லவர் ஃபெண்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் வடிவமைத்த ஹம்பக்கர் 1972-ல் டெலிகாஸ்டர் பேசில் பொருத்தப்பட்டபோது அத்தொழிற்சாலையில் லியோ இல்லை.

மியூசிக் மேன், ஜி அண்ட் எல்

முன்னாள் ஊழியர்களான ஃபாரஸ்ட் வைட், டாம் வாக்கர் ஆகியோர் 1971-ல் தொடங்கி, பின்னர் மியூசிக் மேன் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தில் லியோ வெளியில் தெரியாத பங்காளியாக இருந்தார். தடைக்காலம் முடிந்ததும் 1975-ல் அதன் தலைவரானார். 1976-ல் ஸ்டிங்ரே பேஸ் வெளிவந்தது. பெரிய காந்த முனைகள் எட்டுக் கொண்ட ஒரே ஹம்பக்கர். அதன் இரு சுருள்களும் பக்க இணைப்பில். இதனால் உயர் அதிர்வெண்கள் மழுங்கவில்லை. பக்க இணைப்பில் குறையும் வலிமையை, கருவிக்குள்ளேயே மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கி ஈடுசெய்தது. கட்டைவிரலால் தந்தியை அறையும் பாணிக்கு இவ்வொலி பொருந்தியது. லூயி ஜான்சன், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் ஆகியோர் இதனால் பெயர் பெற்றனர். முறுக்காணிகளை மூன்றும் ஒன்றுமாகப் பிரித்து வைத்த தலைப்பகுதியும் இதன் அடையாளம்.

கூட்டாளிகளுடன் பிணக்கு ஏற்படவே, ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் சேர்ந்து ஜி அண்ட் எல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜார்ஜ், லியோ என்னும் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயின. 1980-ல் வந்த எல்-2000 பேசில் இரு ஹம்பக்கர்கள் இருந்தன. தொடரிணைப்பா பக்க இணைப்பா, முன்பெருக்கி வேண்டுமா வேண்டாமா என்பதை வாசிப்பவரே விசையைத் தள்ளித் தேர்ந்துகொள்ளலாம். பீங்கான் காந்தமும் உயரம் மாற்றத்தக்க முனைகளும் கொண்ட இப்பிக்கப்களைத் தம் முந்தைய படைப்புகள் அனைத்தினும் சிறந்தவையாக லியோ கருதினார். ஆனால் சந்தை 1957-ன் பிரிந்த சுருளையும் 1960-ன் ஜாஸ் பேசையுமே கேட்டுக்கொண்டிருந்தது. தாம் திருத்திவிட்டதாக நினைத்த பழைய வடிவங்களோடே லியோ போட்டியிட வேண்டியிருந்தது.

இறுதிக்காலம்

எஸ்தர் 1979-ல் காலமானார். 1980-ல் ஃபிலிஸ் என்பவரை லியோ மணந்தார். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்ட போதிலும் நாள்தோறும் பணிமனைக்குச் செல்வதை நிறுத்தவில்லை. இறப்பதற்கு முந்தைய நாளும் அங்கே வேலை செய்தார். 1991 மார்ச் 21 அன்று காலமானார். 1992-ல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2009-ல் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது மறைவுக்குப் பின் இவருக்கு வழங்கப்பட்டது.