பருத்திக் காட்டுப் போராளி

கறுப்பின மக்களின் உரிமைப் போரை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சில் முன்னிற்பவர் அமெரிக்காவின் ஃபேன்னி லூ ஹேமர் அம்மையார். 1917-இல் மிசிசிப்பியில், வாரத்துக்கு உழும் ஏழைக் குடும்பத்தின் இருபதாவது மகவாகப் பிறந்தார். ஆறு வயதிலேயே பருத்தி எடுத்தார். 1962-இல் வாக்காளராகப் பதியச் சென்றதற்காக, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றே விரட்டப்பட்டார். 1963-இல் வினோனா சிறையில் கொடுமையாக அடிக்கப்பட்டார். ஆயினும் அஞ்சவில்லை. 1964-இல் சனநாயகக் கட்சி மாநாட்டில், வெள்ளையர் மட்டுமே கொண்ட மிசிசிப்பிக் குழுவுக்கு எதிராகத் தம் மக்களுக்காக வாதாடினார். சமரசமாகத் தரவந்த இரண்டு இடங்களை அவர் குழு ஏற்க மறுத்தது. வாக்குரிமையோடு வயிற்றுக்கும் வழி வேண்டுமென்று 1969-இல் கூட்டுறவுப் பண்ணை கண்டார். 1977-இல் மறைந்தார். பள்ளிப்படிப்பை முடிக்காத ஒரு கூலிப்பெண் இத்துணை செய்தாரெனில், கல்லூரியில் பயிலும் நாம் நம் ஊருக்கு என்ன செய்யப்போகிறோம், நண்பர்களே?