25 பேருக்கு மேல் ஆள் சேர்க்கத் தயங்கிய தொழிற்சாலைகள்: மலேசியாவின் துன் அப்துல் ரசாக் செய்தது என்ன?

மலேசியாவில் ஒரு காலத்தில், ஒரு தொழிற்சாலையில் 25 பேர் வேலை பார்த்தாலே அரசிடம் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது, லைசென்ஸோடு நிபந்தனைகளும் வந்தன. 1975ல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது, அந்நாட்டின் 2வது பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் அரசு. பின்னாளில் பிரதமரான நஜீப் ரசாக்கின் அப்பா இவர்.

யார் இவர்?

1922ல் பகாங் மாநிலம் பெக்கானில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் சட்டம் படித்தார். 1957ல் மலாயா சுதந்திரம் அடைந்ததும் துணைப் பிரதமரானார். கிராமங்களுக்குச் சாலை, நிலமில்லாதவர்களுக்குக் குடியேற்றத் திட்டம் என ஓடி ஓடி உழைத்தார்.

பிரச்சினை எங்கே?

பிரிட்டிஷ் ஆட்சியில் மலாய்க்காரர்கள் பெரும்பாலும் வயலோடும் மீன்பிடியோடும் நின்றுவிட்டார்கள். ஈயச் சுரங்கத்திலும் வியாபாரத்திலும் சீனர்கள், ரப்பர் தோட்டத்தில் தமிழர்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதி இருந்தும், 1970ல் நிறுவனப் பங்குகளில் மலாய்க்காரர்களிடம் இருந்தது சுமார் 2.4 சதவீதம்தான். சீனர்களிடம் சுமார் 27. மீதியில் பெரும்பகுதி வெளிநாட்டவர் கையில்.

1969 மே 13 அன்று கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அரசுக் கணக்குப்படி 196 பேர் இறந்தார்கள். நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, அதிகாரம் மொத்தமும் ரசாக் தலைமையிலான குழுவிடம் போனது. 1970ல் பிரதமரானார்.

என்ன செய்தார்?

1971ல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இனம் பார்க்காமல் வறுமையை ஒழிப்பது ஒன்று. 1990க்குள் பூமிபுத்ராக்களுக்கு 30 சதவீதப் பங்கு என்பது இன்னொன்று. பூமிபுத்ரா பட்டியலில் ஏழைத் தோட்டத் தமிழர்கள் இல்லை.

1975 சட்டம் இந்த இலக்கைத் தொழிற்சாலை வாசலுக்கே கொண்டுபோனது. பங்கில் ஒரு பகுதி, வேலையில் ஒரு பகுதி பூமிபுத்ராக்களுக்குத் தரணும். விளைவு? சீனக் குடும்ப நிறுவனங்கள் பல, வேணும்னே சின்னதாகவே இருந்துகொண்டன. சில தங்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டன. பணம் மெஷினுக்குப் போகாமல் ரியல் எஸ்டேட்டுக்கும் வெளிநாட்டுக்கும் போனது. பேருக்கு ஒரு மலாய் பார்ட்னர், பின்னால் தொழில் நடத்துவது சீனர் என்ற 'அலி பாபா' ஏற்பாடும் பெருகியது. லைசென்ஸ் அரசின் கையில் இருந்ததால், தொழில் திறமையை விட அரசியல் தொடர்புக்கு மவுசு கூடியது.

அதே நேரத்தில் பினாங்கின் ஏற்றுமதி மண்டலத்தில் இன்டெல் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சலுகைகள் கிடைத்தன. மலேசியா உலகச் சந்தைக்கு சிப் தயாரித்தது. ஆனா தைவான் மாதிரி உள்ளூர்ப் பட்டறைகள் பெரிய நிறுவனங்களாக வளர்வது அங்கே அபூர்வமாகவே நடந்தது.

பிறகு?

ரத்தப் புற்றுநோயை மக்களிடம் சொல்லாமலே பதவியில் இருந்த ரசாக், 1976 ஜனவரி 14ல் லண்டனில் இறந்தார். வயது 53. சட்டத்தின் பலனைப் பார்க்க அவர் இல்லை.

தீபகற்ப மலேசியாவில் 1970ல் பாதிப் பேர் வறுமையில் இருந்தார்கள். 1990ல் அது சுமார் 15 சதவீதம். அந்தப் பெருமையில் ரசாக்குக்குப் பங்கு உண்டு. ஆனால் 1985ல் பொருளாதாரம் சுருங்கியபோது, முதலீட்டை இழுக்க அரசே இறங்கிவந்தது. 25 பேர் என்ற வரம்பு 75 ஆக உயர்ந்தது. தொழிற்சாலைகள் வளர, அவர் போட்ட முடிச்சைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது.